கம்யூனிட்டி காலேஜ் என்றால் எந்தக் கம்யூனிட்டிக்கு?



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. +2 முடித்த நம் வீட்டுப் பெண் ஒருத்தி சென்னையில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஓராண்டு டிப்ளமோ சேரப் போகிறாள் என்று அவள் அப்பா எழுதியிருந்தார். உடனே ஒரு பெரியவர், "எந்தக் கம்யூனிட்டிக்கான காலேஜ் அது? நம்மைச் சேர்ப்பார்களா?" என்று கேட்டார். இளசுகள் எல்லாம் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாகப் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஊரில் கம்யூனிட்டி என்ற சொல்லை எல்லோரும் கற்றுக்கொள்வது தாலுகா ஆபீஸ் வரிசையில் சர்டிபிகேட்டுக்காக நிற்கும்போதுதான். அந்தப் பெரியவர் கேட்டதில் என்ன தவறு?

அதற்குள் பாஸ்டனில் இருக்கும் மருமகப்பிள்ளை, "மாமா, இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்றால் சர்க்கார் காலேஜ். ரயில் ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான்" என்று எழுதினார். வேறொருவர், "அதெல்லாம் காலேஜே இல்லை, டியூட்டோரியல் மாதிரி" என்றார். பெண்ணின் அப்பா பாவம், மூன்று பதிலையும் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன். சுருக்கமாக எழுத வராது. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பெயர். கம்யூனிட்டி என்பதற்கு இங்கே சாதி என்று பொருள் இல்லை. ஊர், வட்டாரம், அதைச் சுற்றி வாழும் மக்கள் என்று பொருள். அதனால்தான் தமிழில் 'சமுதாயக் கல்லூரி' என்று வைத்தார்கள். ஒரு வட்டாரத்து மக்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், குறைந்த செலவில், வேலைக்குப் போய்க்கொண்டேகூடப் படிக்கிற கல்லூரி.

அமெரிக்காவில் இதன் கதை 1901ல் தொடங்குகிறது. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்று ஒரு தொழில் நகரம். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டான்லி பிரவுன், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், இருவரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் அதே பள்ளிக் கட்டடத்தில் இன்னும் இரண்டு ஆண்டு படிப்பது. அந்த இரண்டு ஆண்டையும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளாகக் கணக்கில் கொள்வது. பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனால் மூன்றாம் ஆண்டில் நேராகச் சேர்வது. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். நம் ஊர் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

பெரிய நகரங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. சிகாகோவில் 1911ல் நகரப் பொதுக் கல்லூரியாக கிரேன் ஜூனியர் கல்லூரி வந்தது. கூலிக்காரர்கள், குடியேறி வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை நிரப்பினார்கள். 1933ல் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டி அதை மூடினார்கள். ஊரே எதிர்த்தது. அடுத்த ஆண்டே மறுபடி கல்லூரிகளைத் திறக்க வேண்டியதாயிற்று. 1947ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, பள்ளிக்கு மேல் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு வரை எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்றது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 'ஜூனியர் கல்லூரி' என்ற பெயர் பின்னுக்குப் போய் 'கம்யூனிட்டி கல்லூரி' முன்னுக்கு வந்தது. மருமகப்பிள்ளை சொன்ன பாஸ்டன் கல்லூரியின் பெயர் பங்கர் ஹில்; 1973ல் தொடங்கியது. ஆரஞ்சு லைன் ரயிலில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. 2024லிருந்து அந்த மாநில மக்களுக்கு அங்கே கல்விக் கட்டணம் கிடையாது.

இதில் நான் அடிக்கோடு போடுவது இலவசத்துக்கு அல்ல, ஏணிக்கு. இரண்டு ஆண்டு பக்கத்தில் படி, பிறகு மேலே ஏறு. ஏற முடியாவிட்டாலும் பரவாயில்லை, படித்த இரண்டு ஆண்டுக்குக் கையில் ஒரு பட்டயம் இருக்கும். இந்த ஏணி இல்லாமல் கம்யூனிட்டி காலேஜ் என்று பலகை மட்டும் மாட்டினால் அது வேறு சரக்கு.

சரி, இது அமெரிக்கச் சரக்கா? நம் திருத்தணிக்காரர் ஒருவர் இதே ஏணியில் ஏறியிருக்கிறார், கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில். பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தவர் என்பதையும், அதனால்தான் ஆசிரியர் தினம் என்பதையும் உங்களை ஆண்டுதோறும் மேடையேற்றிப் பேச வைத்திருக்கிறேன். ஆனால் அவர் எப்படிப் படித்தார் என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. அப்பா ஜமீனில் சிறு உத்தியோகம். திருத்தணியில் தொடக்கக் கல்வி, பிறகு திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி. 1900 முதல் 1904 வரை வேலூரில். அங்கே ஊரிஸ் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தார். எஃப்.ஏ. என்றால் மெட்ரிகுலேஷனுக்கு மேல் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதை முடித்த பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போய் பி.ஏ.வில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. தத்துவப் பாடம் எடுத்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரப் பையன் ஒருவர் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். பாடம் முடிவாகிவிட்டது. ஸ்காலர்ஷிப்பை நம்பிப் படித்த பிள்ளை வேறு என்ன செய்யும்? 1909ல் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியரானார்.

வேலூர்க் கல்லூரி அந்நாளில் 'இரண்டாம் தரக் கல்லூரி'. தரம் குறைவு என்று பொருள் இல்லை. எஃப்.ஏ. வரை மட்டும் நடத்தினால் இரண்டாம் தரம், பி.ஏ. வரை நடத்தினால் முதல் தரம். அவ்வளவுதான். சென்னை மாகாணத்தின் சிறு நகரங்களில் இப்படிப் பல கல்லூரிகள் இருந்தன. சேலத்தில் நகராட்சியே ஒன்றை நடத்தியது. சேலம் முனிசிபல் கல்லூரி என்று பெயர். இன்றைய சேலம் அரசு கலைக் கல்லூரி அதன் வழி வந்ததுதான். ஊர் நகராட்சி நடத்தும் இரண்டாண்டுக் கல்லூரிக்கு இன்று அமெரிக்காவில் என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜோலியட்டில் ஆறு பேர் உட்கார்ந்ததற்கு முன்பே அது இருந்தது.

பழசை எல்லாம் பொன்னாக்கிச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஏணியின் முதல் படியில் காலை வைக்கவே பெரும்பாலோருக்கு முடியவில்லை. சம்பளம் கட்ட வேண்டும். ஆங்கிலம் தெரிய வேண்டும். பெண்கள் அபூர்வம். சென்னையில் அரசு பெண்களுக்கென்று தொடங்கிய முதல் கல்லூரியான ராணி மேரிக் கல்லூரியே 1914ல்தான் வந்தது. பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணத்தில் நடந்த பச்சையப்பன் கல்லூரி, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றியது உண்மை. ஆனால் 1947 வரை அங்கே இந்துக்களுக்கு மட்டும்தான் இடம். ஏணி இருந்தது, வாசலில் காவலும் இருந்தது.

எஃப்.ஏ.வுக்குப் பின்னாளில் இண்டர்மீடியட் என்று பெயர் மாறியது. உங்கள் தாத்தாக்கள் காலத்தில் 'இண்டர் பாஸ்' என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ரயில்வே கிளார்க், ரெவின்யூ இன்ஸ்பெக்டர், பள்ளி ஆசிரியர் என்று அதை வைத்துப் பிழைத்தவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். முழுதாகப் பட்டம் வாங்காதவனும் பாதியில் நின்றவன் என்ற பெயர் வாங்காமல் வாழ முடிந்தது.

பிறகு அந்தப் படியை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவர்களில் முதன்மையானவர், வேறு யார், அதே ராதாகிருஷ்ணன்தான்.

சுதந்திரம் வந்ததும் பல்கலைக்கழகக் கல்வியை ஆராய அவர் தலைமையில் 1948 நவம்பரில் ஒரு குழு அமைந்தது. 1949 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பிறகுதான் பல்கலைக்கழகம். பட்டப் படிப்பு மூன்று ஆண்டு. இது எல்லோருக்கும் நினைவிருக்கும் பரிந்துரை. நினைவில் இல்லாதவை இரண்டு. நல்ல ஆசிரியர்களும் வசதிகளும் உள்ள இண்டர்மீடியட் கல்லூரிகளை மாகாணங்கள்தோறும் நிறையத் திறக்க வேண்டும் என்றார்கள். பத்து முதல் பன்னிரண்டு ஆண்டு படித்த பிள்ளைகள் வெவ்வேறு தொழில்களுக்குப் போகத் தொழிற்கல்வி நிறுவனங்களையும் ஏராளமாகத் திறக்க வேண்டும் என்றார்கள். வேலூரில் படித்துச் சென்னைக்கு ஏறியவர் எழுதிய அறிக்கை அல்லவா, கீழ்ப்படி அவருக்கு மறக்கவில்லை. மறந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். மூன்று ஆண்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், மற்ற இரண்டையும் அலமாரியில் வைத்தார்கள்.

நம் மாநிலத்தில் 1950களின் நடுவில் இண்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது. பதினோரு ஆண்டு பள்ளி, ஓராண்டு பி.யு.சி., மூன்றாண்டு பட்டம். இந்தப் பி.யு.சி.யில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யின் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் சொல்லாத ஒன்று: எல்லை மாறியபோது படிக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்க்க வேண்டிய திசையும் மாறியது. அதுவரை திருப்பதி, அங்கே 1954லேயே வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சென்னை. திருத்தணியில் அரசு கலைக் கல்லூரி வந்ததே 1970களில்தான். ஆக மணவூர்ப் பையனுக்குக் கல்லூரி என்றால் ரயில். (மணவிற் கோட்டம் என்று சோழர் கல்வெட்டுகளில் ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர் நம்முடையது. பெருமைக்குக் குறைவில்லை. கல்லூரிக்குத்தான் குறை.)

1969ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துச் சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தேன். அரக்கோணத்திலிருந்து வரும் பாசஞ்சரில் ஏறுவோம். மின்சார ரயில் அரக்கோணம் வரை வந்தது 80களின் தொடக்கத்தில்தான். எங்கள் காலத்தில் கரி இன்ஜின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். மணவூர், திருவாலங்காடு, கடம்பத்தூர்ப் பிள்ளைகள் ஒரே பெட்டியில் சேர்ந்துகொள்வோம். சீசன் டிக்கெட் கொஞ்சம் காசு, அதில் மாணவர்களுக்குச் சலுகை. அந்தச் சலுகை மட்டும் இல்லையென்றால் எங்களில் பாதிப்பேர் நெல்லும் வேர்க்கடலையுமாக இருந்திருப்போம்.

கஷ்டம் ரயிலில் இல்லை. பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டுப் போனால், கல்லூரியில் முதல் நாளே பொருளாதாரமும் வரலாறும் ஆங்கிலத்தில். மூன்று மாதம் ஒன்றும் புரியவில்லை. ஆசிரியர்கள் மோசமில்லை, நூறு பேர் வகுப்பில் யாருக்குப் புரியவில்லை என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எங்களுக்குப் பாடம் புரிந்தது திரும்பி வரும் ரயிலில். பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் திருவாலங்காட்டு அண்ணன் ஒருவர், திருவள்ளூர் தாண்டியதும் ஆரம்பிப்பார். வில்லிவாக்கம் பட்டறைக்குப் போய்வரும் தொழிலாளர்களும் காது கொடுப்பார்கள். நான் ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று முதலில் நினைத்தது அந்தப் பெட்டியில்தான். எங்களோடு சேர்ந்தவர்களில் பலர் அந்த ஓராண்டைத் தாண்டவில்லை. ஊருக்குத் திரும்பி அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

தமிழில் பட்டப் படிப்பு என்ற முயற்சி 1960ல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அதன் பின்னால் நின்றார். கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் எழுத வைக்கத் தனி அமைப்பும் வந்தது. எங்கள் வகுப்புக்கு அது வந்து சேர நாளாயிற்று. இன்று அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010ல் வந்த சட்டம். அந்தச் சட்டத்தைப் பார்க்கும்போது கரி இன்ஜின் பெட்டி ஞாபகம் வரும் எனக்கு.

1964-66 கோத்தாரி குழு 10+2+3 என்றது. 1978ல் நம் பள்ளிகளுக்கு +2 வந்தது, பி.யு.சி. போனது. இது பெரிய நன்மை, அதில் சந்தேகமே இல்லை. பதினாறு வயதுப் பெண்ணைச் சென்னைக்கு ரயிலேற்றி அனுப்பத் தயங்கிய வீடுகள், பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பின. நம் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டாவது வரை வந்தது அப்படித்தான். +2விலேயே தொழிற்கல்விப் பிரிவும் வைத்தார்கள். ஆனால் பன்னிரண்டாவதுக்கு மேலே என்ன? மூன்று ஆண்டுப் பட்டம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் படியே கிடையாது.

ஒரு மாணவன் கதை. பெயர் வேண்டாம்; இதைப் படிப்பான். 90களில் சென்னை அரசுக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தான். இரண்டாம் ஆண்டு முடியும் சமயம் அப்பா தவறிப்போனார். தங்கைகள் இருவர். படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனான். நான்கு செமஸ்டரில் மூன்றரை செமஸ்டர் பாடங்களைத் தேறியவன். வேலைக்கு எழுதிக் கொடுத்த படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் +2 என்றுதான் எழுத முடிந்தது. அந்த இரண்டு ஆண்டு எங்கே போயிற்று? அவனுடைய கொள்ளுத்தாத்தா காலமாக இருந்தால் இண்டர் பாஸ் என்று எழுதியிருப்பான். பாஸ்டனாக இருந்தால் அசோசியேட் டிகிரி என்று எழுதியிருப்பான்.

சமுதாயக் கல்லூரி நம் பக்கம் வந்தது இந்தக் காலத்தில்தான். 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் லாஸ்பேட்டையில் ஒன்றைத் தொடங்கியது; இந்தியாவில் அதுதான் முதல். அரசுப் பல்கலைக்கழகம் நகரத்துக்குள்ளேயே நடத்துகிற கல்லூரி என்பதால், அமெரிக்கப் பொருளுக்கு மிக நெருக்கமானதும் அதுதான். 1996ல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் என்ற பாதிரியார் இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1999ல் சென்னையில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையமும் வந்தது. படிப்பின் அமைப்பு எளிது. எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்ற வாழ்க்கைத் திறன் முதலில். பிறகு ஏசி மெக்கானிக், நர்சிங் உதவி, கேட்டரிங் என்று ஒரு தொழில். கடைசியில் உண்மையான பட்டறையிலோ ஆஸ்பத்திரியிலோ பயிற்சி. பத்தாவதில் தவறியவர்களையும் பள்ளியை விட்டு நின்றவர்களையும் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். மற்ற கல்லூரிகள் மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டியபோது இவர்கள் வடிகட்டியில் நின்றதை எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கு நான் தலை வணங்குகிறேன்.

2002ல் சட்டத்தின் மூலம் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. சான்றிதழில் ஒரு பல்கலைக்கழக முத்திரை கிடைத்தது. ஆனால் ஏணி? ஓராண்டு டிப்ளமோ வாங்கியவர் பட்டப் படிப்புக்குப் போக நினைத்தால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். 2009ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இரண்டாண்டு அசோசியேட் டிகிரி, பிறகு பட்டத்தின் மூன்றாம் ஆண்டு. ஜோலியட் மாதிரியேதான். சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். 2013ல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டம் வகுத்தது: ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி. அடுத்த ஆண்டு பி.வோக். வந்தது. இதில் ஓராண்டில் நின்றால் டிப்ளமோ, இரண்டாண்டில் நின்றால் மேல்நிலை டிப்ளமோ, மூன்றாண்டும் முடித்தால் பட்டம். 1956ல் எடுத்த படியைத் திரும்ப வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் ஒரு மூலையில்.

பொறியியல் பக்கம் இந்தத் தகராறு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். நம் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. ஃபிட்டராகத் தொடங்கி பி.இ. வரை போனவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இரும்பு அடிக்கிறவனுக்கு ஏணி போட்டுக் கொடுத்த நாடு, கணக்கு எழுதுகிறவளுக்கும் நர்சிங் உதவி செய்கிறவளுக்கும் ஏன் போடவில்லை என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்ற பலகை இல்லாமலே அந்த வேலையில் பாதியைச் செய்தவை நம் அரசு கலைக் கல்லூரிகள். வடசென்னையில் 1964ல் வந்த பாரதி மகளிர் கல்லூரி, 70களில் வந்த வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, அண்ணா சாலையில் காயிதே மில்லத் மகளிர் கல்லூரி. துறைமுகத்துக் கூலி வீட்டுப் பிள்ளையும் திருவள்ளூர் ரயிலில் வரும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில். 2007-08லிருந்து அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஷிப்ட் முறை வந்த பிறகு காலையில் வகுப்பு, பிற்பகலில் கடையில் வேலை என்று படித்தவர்களை எனக்குத் தெரியும். ரயில்வே மாணவிகளுக்குப் பட்டப் படிப்பு வரை இலவச சீசன் டிக்கெட் கொடுக்கிறது. பையன்களுக்குப் பன்னிரண்டாவதோடு சரி. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. திருத்தணிக்காரர் பிறந்த நாள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது.

இப்போது அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நான் சொன்னது. சமுதாயக் கல்லூரி என்றால் மட்டமும் இல்லை, மேலும் இல்லை. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று பார்க்க வேண்டும். சேரும் முன் நேரில் போய், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று கேளுங்கள். அந்த டிப்ளமோவை வைத்து எந்தப் பட்டப் படிப்பில் எந்த ஆண்டில் சேரலாம் என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம் என்று கேளுங்கள். புதுமைப் பெண் பணம் அந்தப் படிப்புக்கு உண்டா என்று கேளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. விளம்பரத்தில் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று போட்டிருந்தால் ஓராண்டு டிப்ளமோ அங்கே செல்லாது என்பதை அந்தப் பெண்ணிடமே சொல்லிவிடுங்கள். முடிவு அவள் எடுக்கட்டும்.

அவர் போய்க் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு உடனே பதில் வந்ததாம். இரண்டாவதற்கு, "அடுத்த வாரம் வாங்க சார், விசாரிச்சுச் சொல்றோம்" என்றார்களாம். அந்தப் பெண் அதற்குள் அரசு கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டாள், பி.காம். தமிழ் வழி. இரண்டில் எது முதலில் வருகிறதோ பார்க்கலாம் என்கிறாள். எனக்கு அவள் கணக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மணவூர், திருவாலங்காடு பக்கத்திலிருந்து 1978க்கு முன் இண்டர்மீடியட், பி.யு.சி. படித்தவர்கள் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை முப்பத்தொரு பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் பெண்கள் இரண்டே பேர். உங்கள் வீட்டில் தாத்தா, பெரியப்பா, அத்தை யாராவது படித்திருந்தால் பெயர், ஆண்டு, எந்தக் கல்லூரி, எந்த ரயிலில் போனார்கள் என்பதை எனக்குத் தனியே அனுப்புங்கள். பாஸ் செய்தாரா பெயிலா என்பது வேண்டாம். பழைய ஹால் டிக்கெட், சீசன் டிக்கெட், வகுப்புப் போட்டோ இருந்தால் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பவும். அத்தைகளை முதலில் கேளுங்கள்.